பங்குனியில் காவேரிப்பாக்கம் ஏரி

வெள்ளி மாலை, வேலூர்

பறவை பார்க்கிறவர்கள் பலரும் பொங்கல் முடிந்ததும் ஏரிகளை மறந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் வேலூர்ப் பக்கம் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "வாத்தெல்லாம் கிளம்பியிருக்குமே, அந்த வெயில்ல என்னத்தப் பாக்கப் போற?" எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. தை மாதத்தில் ஏரி தளும்பிக்கொண்டிருக்கும். பறவைகள் அரை மைலுக்கு அப்பால் கறுப்புப் புள்ளிகளாக மிதக்கும். கண் வலிக்கப் பார்த்துவிட்டு 'ஏதோ வாத்து' என்று எழுதிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். பங்குனியில் தண்ணீர் உள்வாங்கும்போது மீனும் நத்தையும் கொஞ்ச இடத்துக்குள் அடைபடும், சேறு வெளியே வரும், பசித்தவை எல்லாம் அங்கே வந்து கூடும். போகிற பறவைகளும் போவதற்கு முன்னால் நன்றாகத் தின்றாக வேண்டும். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காட்பாடியில் ரயில் இறங்கும்போது மணி நாலரை. வெயில் தாழ்ந்த பிறகு கோட்டைப் பக்கம் ஒரு நடை. அகழியில் நீர்க்காகங்கள், ஓரத்தில் முக்குளிப்பான்கள், மதில் கல் இடுக்குகளில் பச்சைக்கிளிகள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த கோட்டை. வாசலில் அதைப் பற்றி வழிகாட்டி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே உழவாரன் குருவிகள் கத்திக்கொண்டு வட்டமிட்டன. அவ்வளவுதான் இன்றைக்கு. ராத்திரியே பஸ் ஏறி வாலாஜாபேட்டையில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை, காவேரிப்பாக்கம்

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்து ஏரிகளின் மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் கரையில் அரிப்பு கண்டால் சொல்லி அனுப்புவதுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவர். பறவைகளில் அவருக்கு எந்த அக்கறையும் கிடையாது. கொக்கு, நாரை, வாத்து, காக்கா என்று நாலே வகைதான் வைத்திருக்கிறார். ஆனால் ஏரிக்குள் எந்த இடம் பள்ளம், எங்கே தண்ணீர் கடைசி வரை நிற்கும், எந்தப் பக்கம் இறங்கினால் கால் புதையும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பறவை பார்ப்பதற்கு இதைவிட நல்ல துணை அமையாது.

அஞ்சரை மணிக்கு அவருடைய டிவிஎஸ் எக்செலில் கிளம்பினோம். பெங்களூர் நெடுஞ்சாலையில் எக்செல் ஓட்டுவது தனி வீரம். லாரி ஒவ்வொன்றும் தாண்டும்போது வண்டி ஒரு சாண் நகர்ந்து கொடுக்கும். காவேரிப்பாக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டுக் கரை ஏறும்போது வெளிச்சம் வந்திருந்தது.

இந்தக் கரை சாதாரணக் கரை இல்லை. பழைய வட ஆற்காடு ஜில்லாவிலேயே பெரிய பாசன ஏரி என்று வெள்ளைக்காரர்களின் கெசட்டியரில் போட்டிருக்கிறது, கரை நாலு மைல் நீளம் என்றும். மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்து ஏரி என்பார்கள். அவனுடைய பட்டப்பெயரில் அவனிநாராயண சதுர்வேதிமங்கலம் என்று ஊருக்கே கல்வெட்டில் பெயர் உண்டு. 1752 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் நடத்திய படையும், பிரெஞ்சுக்காரர் துணையோடு வந்த, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையும் இந்த ஊர்ப் பக்கம்தான் மோதின. பிரெஞ்சுக்காரர்கள் மாந்தோப்புக்குள் பீரங்கிகளை மறைத்து வைத்திருந்தார்கள். மாமாவுக்கு இந்தக் கதை எதுவும் முக்கியமில்லை. அவர் காட்டியதெல்லாம் கரையில் கற்கள் சரிந்திருந்த ஓர் இடத்தைத்தான். "இத பாத்தியா, இப்பவே பேக்கிங் போட்டாத்தான் உண்டு. மழ வந்தப்புறம் மண்ணத் தேடுவானுங்க."

கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. அதனால் காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவைகள் மேல் வெளிச்சம் நேராக விழும். ஏரியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் தண்ணீர். மிச்சமெல்லாம் பச்சைப் புல்லும், அதற்கு அப்பால் வெடித்த களிமண்ணும், ஆங்காங்கே வேலிக்காத்தான் புதரும். தண்ணீரின் விளிம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். நடுவே கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஆழமில்லாத பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தன. எல்லாம் சேர்ந்தாற்போல் தலையை முக்கி, சேர்ந்தாற்போல் தூக்கும். பை தொங்கும். பைக்குள் மீன் துள்ளுவது பைனாகுலரில் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன், எழுபதுக்கு மேல் வந்தது.

அவற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள். பாதிக்கு மேல் இளசுகள்; இளஞ்சிவப்பு இன்னும் ஏறாமல் அழுக்குப் பழுப்பாக இருந்தன. வேடந்தாங்கல் மாதிரி இடங்களில் மழைக்காலம் முடிகிற சமயம் கூடு கட்டிப் பொரித்த குஞ்சுகள், இறக்கை முளைத்ததும் இப்படித்தான் சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்குப் பரவும். அதில் ஒன்று தண்ணீருக்குள் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தது. நான் பார்த்த வரை ஒன்றும் அகப்படவில்லை. நாலடி தள்ளி நின்ற பெரியது அதே நேரத்தில் மூன்று மீன் விழுங்கிவிட்டது.

"இவ்ளோ பேரும் எங்கருந்துடா வந்தாங்க? போன மாசம் வந்தப்போ ஒண்ணுகூட இல்லையே" என்றார் மாமா.

"இருந்திருக்கும் மாமா. தண்ணி ஜாஸ்தியா இருந்ததால உள்ள தள்ளி இருந்திருக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ எங்களுக்கு ஏரி ரொம்பினா சந்தோசம், உனக்கு வத்துனா சந்தோசமா? நல்ல ஆளுடா நீ."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஏழு மணிக்கு மேல் கரையிலிருந்து இறங்கி உள்ளே நடந்தோம். மாமா முன்னால், நான் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் பின்னால். புல்வெளியில் எருமைகள், எருமைக்கு இரண்டு மூன்று பேராக உண்ணிக்கொக்குகள். தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. வெயில் காலத்தில் பறவை பார்ப்பதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். மார்கழியில் சாம்பலும் பழுப்புமாகப் பார்த்துப் பெயர் தெரியாமல் விழித்த பறவைகள் எல்லாம் இப்போது கல்யாண உடுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும். மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் குருட்டுக் கொக்கு என்று அலட்சியமாகச் சொல்கிற பறவை. இந்த மாதத்தில் அதன் முதுகு கரும்பழுப்புச் சிவப்பாகிவிடும், பின்தலையிலிருந்து மெல்லிய வெள்ளை இறகுகள் தொங்கும். தெரியாதவர்கள் வேறு பறவை என்றே நினைப்பார்கள். மீசை ஆலாக்களும் அப்படித்தான். குளிர்காலத்தில் வெளிறிப்போய்த் திரிந்தவை இன்று கறுப்புத் தொப்பியும் கருஞ்சாம்பல் வயிறும் சிவப்பு அலகுமாகப் பறந்துகொண்டிருந்தன. இந்தக் கோலத்தில் இங்கே அதிக நாள் இருக்காது; முட்டையிட வடக்கே போய்விடும். கருவால் மூக்கன்கள் ஒரு சின்னக் கூட்டம், கழுத்தில் செம்மண் நிறம் ஏறிய நிலையில், முட்டளவுத் தண்ணீரில் அலகைக் கடைசி வரை சேற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தன. நீலச்சிறகு வாத்துகள் இன்னும் கிளம்பவில்லை! புருவத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஆண்கள் மட்டுமே இருபதுக்கு மேல். சைபீரியா வரைக்கும் போக வேண்டிய பறவை, அவசரமே இல்லாமல் தலையை இறக்கைக்குள் சொருகித் தூங்கிக்கொண்டிருந்தது. நண்பர்களுக்கு உடனே ஒரு படம் அனுப்பினேன். பதில் வரவில்லை.

தாமரை இலைகள் இருந்த ஒரு தேக்கத்தில் நீளவால் இலைக்கோழிகள். வால் இன்னும் முழுசாக வளரவில்லை, ஆனால் பிடரியில் மஞ்சள் வந்துவிட்டது. இந்தப் பறவையின் குடும்பக் கதையை மாமாவிடம் சொன்னேன்: பெண் பெரிசு, ஆண் சிறிசு, பெண் முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு வேறு ஆணைத் தேடிப் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் ஆணின் வேலை. மாமா அன்று முழுக்க வேறு எந்தப் பறவையையும் பைனாகுலரில் பார்க்கக் கேட்கவில்லை. இதை மட்டும் வாங்கி ஐந்து நிமிடம் பார்த்தார். "அத்தைக்கிட்ட இதச் சொல்லாத" என்றார்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கக்கூடிய சேற்றில் நத்தை ஓடுகள் நிறையக் கிடந்தன. குனிந்து எடுத்துப் பார்த்தேன். ஓடு உடையவில்லை, கீறல்கூட இல்லை, உள்ளே மட்டும் காலி. வாயை மூடியிருக்கும் கடினமான மூடி தனியாகப் பக்கத்தில் கிடந்தது. இது நத்தைகொத்தி நாரையின் வேலை. கொஞ்ச தூரத்திலேயே ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளேயே வைத்து நத்தையை மேல் அலகால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, கீழ் அலகின் கூர்நுனியை மூடிக்கு அடியில் நுழைக்கிறது, தலை இரண்டு மூன்று தடவை நடுங்குகிறது, அவ்வளவுதான். சதை வெளியே வந்துவிடுகிறது. ஒரு நத்தைக்குப் பத்துப் பதினைந்து விநாடி. இதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டே இருக்கும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும்.

களிமண் வெடித்த மேட்டுப் பக்கம் வந்தபோது ஆள்காட்டிக் குருவிகள் எங்களைப் பிடித்துக்கொண்டன. ஒன்று தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தியது. இன்னொன்று முன்னால் ஓடி, இறக்கை ஒடிந்தாற்போல் இழுத்துக்கொண்டு, எங்களை இடப்பக்கமாகக் கூப்பிட்டது. அப்படியென்றால் வலப்பக்கம் எங்கோ முட்டை இருக்கிறது. மாமாவை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலிருந்தே தரையைத் தேடினேன். ஆறடி தூரத்தில் இருந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை, ஒரு சின்னக் குழி. அதைச் சுற்றி ஆட்டுப் புழுக்கைகளும் பொடிக்கற்களும் பொறுக்கி வைத்திருந்தது. நடுவில் நாலு முட்டை, கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்தபடி. களிமண்ணின் அதே நிறம், அதன் மேல் கறுப்புத் திட்டுகள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் முட்டையைக் காணோம், திரும்பத் தேட வேண்டியிருந்தது.

வந்த வழியே பின்வாங்கி, நூறு அடிக்கு அப்பால் ஒரு கருவேல மர நிழலில் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் பறவை திரும்பியது. உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது. முட்டைகளுக்கு மேல் நின்று நிழல் கொடுத்தது. மணி பத்தரை தாண்டியதும் எழுந்து தண்ணீர் விளிம்புக்கு ஓடியது. வயிற்றைத் தண்ணீரில் அமிழ்த்தி இப்படியும் அப்படியும் அசைத்தது, ஓடி வந்து முட்டைகளின் மேல் படிந்தது. வயிற்று இறகிலிருந்து நீர் சொட்டுவது பைனாகுலரில் தெரிந்தது. வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க இந்தப் பறவை செய்கிற வேலை இது. படித்திருக்கிறேன், பார்த்தது இன்றுதான். கூட்டைப் படம் எடுக்கவில்லை, எந்த இடம் என்றும் எழுதப் போவதில்லை. கேட்காதீர்கள்.

நிழலில் உட்கார்ந்திருந்தபோது ஆடு ஓட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட மாமா. இதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இன்னா சார், அளக்க வந்துகிறீங்களா?"

"இல்லம்மா, பறவை பாக்க வந்தோம்."

"பறவையா? அதுக்கு எதுக்கு நோட்டு?"

ஏரிப் புறம்போக்கில் எப்போது யார் வந்து அளப்பார்கள், எதை இடிப்பார்கள் என்ற பயம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. நோட்டில் எழுதியிருந்த பெயர்களை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். அப்புறம் அவரே பேசத் தொடங்கினார். ஆள்காட்டி கத்துகிற பக்கம் ஆட்டை விட மாட்டாராம், "அது முட்ட மேல கால் வச்சா ஆடு நொண்டும்" என்று அவருடைய மாமியார் சொல்லி வைத்திருக்கிறார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், முட்டைக்கு நல்லது. அவர் பயப்படுவது நாய்களுக்கு. நெடுஞ்சாலைக் கடைகளில் மிச்சமாகிற பிரியாணியையும் எலும்பையும் ராத்திரியில் மூட்டையாகக் கொண்டுவந்து ஏரி ஓரம் கொட்டுகிறார்கள். அதைத் தின்ன வருகிற நாய்கள் அப்புறம் ஏரிக்குள் இறங்கிவிடுகின்றன. திரும்பி வரும் வழியில் அந்தக் குவியலையும் பார்த்தோம். தரையில் முட்டையிடுகிற பறவைக்குப் பருந்தைவிடப் பெரிய எதிரி இன்றைக்கு இந்த எலும்புப் பைதான்.

பதினொரு மணிக்கு மேல் நிற்க முடியவில்லை. கானல் எழும்பி, தூரத்துப் பறவைகள் எல்லாம் ஆடத் தொடங்கிவிட்டன. சாலையோரம் ஒரு வேப்ப மரத்தடியில் கூழ் விற்றார்கள். கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்தது, தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் வெங்காயமும். இரண்டு சொம்பு. ஆம்பூர் பிரியாணிக்கு உலகம் முழுக்கப் பெயர் இருக்கட்டும், இந்த ஜில்லாவில் வெயில் நேரத்தில் சாப்பிட வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

நாலு மணி வரை மாமாவின் பழைய சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் தூக்கம்.

சாயங்காலம் மதகுப் பக்கம் போனோம். மாமா இரும்புத் திருகைத் தொட்டுப் பார்த்தார். கிரீஸ் காய்ந்திருந்ததைக் கண்டு யாரையோ திட்டினார். பாலாற்றில் தண்ணீர் வந்தால் வாலாஜா அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக இந்த ஏரிக்கு வரும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு, 1850களில் கட்டியது. இது நிறைந்து கோடி போனால், அதாவது மிகுநீர் வழிந்தால், அடுத்தடுத்துக் கீழே இருக்கிற ஏரிகளுக்குத் தண்ணீர். பாலாறு வராத வருஷத்தில் மழையை நம்பித்தான். இதை மாமா ஒரு குடும்பத்தின் சொத்துப் பிரிவினையைச் சொல்வதுபோல் சொன்னார்: யாருக்கு எத்தனை நாள் முறை, யார் யாரை ஏமாற்றினார்கள், எந்த வருஷம் ராத்திரியில் யார் மதகைத் திறந்தார்கள் என்பது வரைக்கும்.

மதகுக்குக் கீழே, ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டில் நவரைப் பட்ட நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரம் போன பின்னாலேயே பறவைகள். முதலில் கரிச்சான்கள், இயந்திரம் கிளப்பிய பூச்சியைக் காற்றிலேயே பிடித்தன. அப்புறம் கொக்குகள். ஈரம் இருந்த வயலில் வெள்ளை அரிவாள் மூக்கன்கள் முப்பது நாற்பது, பழுப்பு அரிவாள் மூக்கன்கள் அதற்கும் மேல். மின்கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. கீழே பாய்ந்தபோது இறக்கையின் நீலம் விரிந்து, இயந்திரம் ஓட்டுகிற பையன்கூட வண்டியை நிறுத்திப் பார்த்தான். "அது இன்னா சார்?" என்று கேட்டான். பெயரைச் சொன்னேன். "எங்க ஊர்ல கீது, பேருதான் தெரியாது" என்றான்.

இருட்டுவதற்குள் வண்டியில் ஏறினோம். பறவை பார்ப்பவர்கள் பதிவேற்றும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றிய பட்டியலில் ஐம்பத்தெட்டு இனங்கள். பாம்புத்தாரா, செம்பருந்து, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, கருப்புவெள்ளை மீன்கொத்தி என்று மேலே எழுதாமல் விட்டவை நிறைய. நீலவால் பஞ்சுருட்டான் ஒன்றுகூட இல்லை, அது மட்டும் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. மாமாவிடம் எண்ணிக்கையைச் சொன்னதற்கு, "மொத்தம் நாலுதானடா இருந்துச்சு" என்றார்.

ஞாயிறு, மகேந்திரவாடி

காலையில் மட்டும். வயல்வெளி நடுவே தனியாகக் கிடக்கிற ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த கோயில் இங்கே இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு வேலை. மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் இந்த மகேந்திர விஷ்ணுகிருகத்தைக் குடைவித்தேன் என்று தூணில் கல்வெட்டு. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்ட ராஜா. கோயிலைச் சாமர்த்தியமாகக் கட்டியிருக்கிறான், ஏரியை அதைவிடச் சாமர்த்தியமாக இடம் பார்த்து வெட்டியிருக்கிறான் என்பது மாமாவின் தீர்ப்பு.

ஏரியில் தண்ணீர் அநேகமாக இல்லை. ஒரு குட்டையில் மட்டும் நெடுங்கால் உள்ளான்கள் இருபது, பொறி உள்ளான்கள் சில, ஒரு சாம்பல் நாரை. காய்ந்த தரையில் சாம்பல்தலை வானம்பாடி ஒன்று செங்குத்தாக மேலே ஏறிப் பாடிக்கொண்டே விழுந்தது, திரும்ப ஏறியது. கரைப் பனைகளில் பனை உழவாரன்கள். பனையேறி ஒருவர் நுங்கு வெட்டிக் கொடுத்தார், இந்த வருஷத்தின் முதல் நுங்கு எனக்கு. மாமா ஒரு டஜன் பேரம் பேசி அத்தைக்குக் கட்டிக்கொண்டார். ஒன்பதரைக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிட்டதால் திரும்பிவிட்டோம்.

நாளை ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி. காட்டுப் பறவைகளுக்கு அங்கே நல்ல நிழல் உண்டு. மாமாவைக் கூப்பிட்டேன், வரவில்லை என்றுவிட்டார். மலையில் மதகு கிடையாதாம்.